கண்ணாடி ஐஸ்

ஐஸ் என்றால் வெள்ளையாக இருக்க வேண்டும். அந்தப் படகுத்துறையில் யாரும் எழுதி வைக்காத சட்டம் அது. இருபத்திரண்டு வருஷமாக அங்கே ஐஸ் விற்றது ஒரே ஒரு கம்பெனி. இரண்டு நாள் உறைய வேண்டிய கட்டியை ஒரே நாளில் பிடுங்கிப் போட்டால் வெளி ஓடு மட்டும்தான் இறுகும். உள்ளே வெளுத்துப்போய், நடுவில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்து, அதில் தண்ணீர் நிற்கும். ஜனங்கள் அதைத்தான் ஐஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். வேறு ஐஸைக் கண்ணால் பார்த்திருந்தால்தானே சந்தேகம் வரும்?

அதனால் மெக்கானிக்கும் அவன் பெண்டாட்டியும் தங்கள் பட்டறையின் முதல் கட்டியைத் துறையில் இறக்கி வைத்த அன்று சிரிக்காதவர்கள் பாக்கியில்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் கண்ணாடியாக இருந்தது அது. பின்னால் நிற்பவனின் கால்விரலை எண்ணலாம். இது இன்னும் உறையவே இல்லை, அவசரத்தில் தண்ணீரையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள் என்றான் ஒருவன். மீன் வெட்டுகிறவள் ஒரு விரலை வைத்துப் பார்த்துவிட்டு, சில்லென்றுதான் இருக்கிறது, ஆனாலும் எனக்கு வேண்டாம் என்று கத்தியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மெக்கானிக் அந்தக் கம்பெனியிலேயே, அது தொடங்கிய நாளிலிருந்து கை கறுத்தவன். தண்ணீர் உறையும்போது அடியிலிருந்து காற்றை ஊதிக்கொண்டே இருந்தால் கட்டி தெளிவாக வரும். கரண்டு செலவு என்று முதல் வாரமே கம்பெனியில் காற்றுக் குழாய்களைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினான். அப்புறம் ஒரே நாளில் கட்டியைப் பிடுங்கச் சொன்னார்கள். பிடுங்கினான். அரவை மிஷினின் சுவிட்ச் கெட்டுப்போய், நேரடியாக ஒயரைக் கோத்து ஓட்டச் சொன்னார்கள். மாற்றித் தரும்படி மூன்று தடவை எழுதிக் கொடுத்துப் பார்த்துவிட்டு நான்காவதாக வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தான். மற்ற விஷயங்களில் வாயில்லாப் பூச்சி. வேலையில் மட்டும் அவனுக்கு அப்படி ஒரு ரோஷம்.

ஒரு பழைய லாரி ஷெட்டைப் பிடித்து, உப்புத்தண்ணீர்த் தொட்டி கட்டி, யாரோ ஒதுக்கிப்போட்ட அமோனியா கம்ப்ரசரைக் கொண்டுவந்து இருவருமாக ஓட்டினார்கள். குடித்தனமும் அதற்குள்ளேதான், ஒரு பலகைத் தடுப்புக்கு அந்தப்பக்கம். கம்ப்ரசர் அதிர்வில் அலமாரி டம்ளர்கள் தாமாகவே நகர்ந்து விளிம்புக்கு வந்துவிடும். அவள் போகும்போதும் வரும்போதும் அவற்றை உள்ளே தள்ளிவிட்டுப் போவாள். அந்தச் சத்தத்தில் இருவரும் அடித்துப் போட்டாற்போலத் தூங்கினார்கள். சத்தம் நின்றால்தான் பதறி எழுந்து உட்கார்ந்தார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், கம்பெனியின் துறை மேஸ்திரி அவளுடைய சொந்த அண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் துறையில் யாருக்கும் தெரியாது. கொக்கி என்றால்தான் தெரியும். ஐஸ் இழுக்கிற இரும்புக் கொக்கி இருபது வருஷமாக அவன் வலது கையிலேயே கிடந்தது. துறையில் ஒரு வழக்கம் உண்டு. இறக்கி வைத்த கட்டியில் எவன் கொக்கி முதலில் இறங்குகிறதோ கட்டி அவனுடையது. அதற்குமேல் அதை இன்னொருவன் தொடக்கூடாது. தொட்டால் கொலை விழும் என்பார்கள். விழுந்ததும் உண்டு.

பட்டறை திறந்த முதல் வாரமே கம்பெனி கைவரிசையைக் காட்டிவிட்டது. படகுக்கு ஐஸ் கட்டியாகப் போகாது, அரைத்துத்தான் போக வேண்டும். துறையில் இருந்த மிஷின்கள் எல்லாம் கம்பெனியுடையவை. எனவே மெக்கானிக் தானே பல்லை வெட்டி, உருளையைக் கடைந்து ஒரு அரவை மிஷின் செய்தான். அதை இறக்கி வைத்த அன்றே நான்கு பேர் சம்மட்டியோடு வந்து, பட்டப்பகலில், ஒரு பல் பாக்கியில்லாமல் உடைத்துவிட்டுப் போனார்கள். அவர்களைக் கூட்டி வந்த அண்ணன் உடைத்து முடிக்கும்வரை தங்கைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றான். அவனுக்கு அதுவே பெரிய மரியாதை என்று நினைப்பு போலிருக்கிறது. அவளுக்கு அந்த முதுகை மறக்க முடியவில்லை.

சம்மட்டியோடு நிற்கவில்லை. கம்பெனி தன் ஐஸைப் பாதி விலைக்கு இறக்கியது. வெளி ஐஸ் வாங்குகிற படகுக்கு அந்தப் பருவம் முழுக்க ஐஸ் கிடையாது என்று மேனேஜர் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டார். ஐந்து மாதமாக அவர்கள் கண்ணாடி ஐஸை வாங்கியது சில்லறை மீன்கடைகள்தான். மிச்சத்தை எல்லாம் சாக்கடையில் கரையவிட்டார்கள். இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் கதவைச் சாத்த வேண்டியதுதான் என்று மெக்கானிக் கம்ப்ரசரைப் பார்த்துச் சொன்னான். அவளைப் பார்த்துச் சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை.

அப்போதுதான் ஸ்ராங்கு வந்தார். பெரிய படகை ஓட்டிப் போகிறவரைத் துறையில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். போன நடையில் பன்னிரண்டு நாள் கடலில் கிடந்து பிடித்த மீன் அடித்தட்டோடு நாறிப்போய், அத்தனையையும் கடலிலேயே வாரிக் கொட்டிவிட்டுத் திரும்பியிருந்தார். கம்பெனி ஐஸ் எட்டாம் நாளே தண்ணீராகிவிட்டது. பட்டறைக்குள் வந்து தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு கட்டியைக் கைமுட்டியால் குத்திப் பார்த்துக் கையை உதறிக்கொண்டார்.

“நாளைக்குக் காலைல நாப்பது கட்டி. தண்ணி ஏறுறதுக்குள்ள அரைச்சு என் படகுல இருக்கணும். மீன் கெடாம வந்துச்சுன்னா என் பின்னால பதினோரு படகு வரும். கெட்டுச்சுன்னா நீங்களும் மூட்டையைக் கட்டுங்க, நானும் கட்டுறேன். அப்புறம் எனக்கும் ஒரு பய ஐஸ் தரமாட்டான்” என்றார்.

மறுநாள் விடிந்ததும் வாடகை வண்டியில் நாற்பது கட்டியும் துறைக்குப் போயின. மிஷின் இல்லாததால் கட்டியை உடைத்துச் சாக்கில் போட்டு, கொட்டாப்புளி என்கிற பெரிய மரச் சுத்தியலால் அடித்து நொறுக்குவது என்று ஏற்பாடு. முதல் கட்டியில் அவள் கொட்டாப்புளியை ஓங்கி இறக்கினாள். அது மொட்டென்று திருப்பி அடித்துத் தோள்பட்டை வரை விறுவிறுத்தது. அந்த வலியிலும் அவளுக்குப் பெருமையாக இருந்தது. நல்ல ஐஸ் அப்படித்தான் லேசில் மசியாது.

இரண்டாவது சாக்கைக் கட்டும்போது கம்பெனி ஆட்கள் பன்னிரண்டு பேர் வந்து வளைத்துக்கொண்டார்கள். முன்னால் அண்ணன். இந்தத் தடவை முதுகைக் காட்டவில்லை.

“மாப்பிள்ளை, எல்லாத்தையும் திருப்பி வண்டில ஏத்துங்க. மரியாதையாச் சொல்றேன்.”

“துறை எல்லாருக்கும் பொது மச்சான். உங்க கம்பெனி வாங்கிப் போட்ட தரையா இது?” என்றான் மெக்கானிக். அவன் வாழ்நாளில் அத்தனை நீளமாக எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

அண்ணன் கொக்கியின் கட்டைப் பிடியால் அவன் தாடையில் ஒரு போடு போட்டான். மெக்கானிக் ஐஸ் கட்டிமேல் விழுந்தான். வாயிலிருந்து வந்த ரத்தம் கட்டியின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடியது. எழுந்தவனை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, மூன்றாவது ஆள் வயிற்றில் உதைத்தான். அவள் கொட்டாப்புளியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். எவன் கையிலோ அவள் தலைமுடி சிக்கியது. முடியோடு இழுத்துக் கீழே தள்ளி முதுகில் கால் வைத்து மிதித்தார்கள். சில்லுகள் முழங்காலில் குத்தி ஏறின. படகிலிருந்தவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஸ்ராங்கு மட்டும் இறங்கப் பார்த்தார். அவரைக் கம்பெனி ஆட்கள் படகோடு சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

“கொக்கியைப் போடுங்கடா” என்றான் அண்ணன்.

பன்னிரண்டு கொக்கிகளும் கட்டி மாற்றிக் கட்டியாகச் சடசடவென்று இறங்கின. வழக்கப்படி அந்த நொடியிலிருந்து அத்தனை கட்டியும் கம்பெனியுடையது. அண்ணன் ஒரு கட்டியைத் தானே இழுத்துக்கொண்டு கம்பெனியின் அரவை மிஷினுக்குப் போனான். தங்கை கிடந்த பக்கம் திரும்பினான்.

“பாரு பாப்பா. உன் ஐஸை எங்க மிஷின்லயே அரைச்சு உன் கண்ணு முன்னாலயே கடல்ல கொட்டுறேன். அதோட இந்தப் பைத்தியத்தை விட்டுட்டு வீட்டுல போய் உக்காரு.”

“மச்சான், வேணாம்” என்று ரத்த வாயோடு கத்தினான் மெக்கானிக். “அது தாங்காது. இது கெட்டி ஐஸ்.”

அவன் எச்சரித்ததை அண்ணன் பீற்றல் என்று எடுத்துக்கொண்டான். மிஷினை ஓடவிட்டுக் கட்டியை வாய்க்குள் தள்ளினான். ஓட்டை ஐஸைத் தின்றே பழகிய பற்கள். உருளை ஒரு தடவை பிடித்தது, அலறியது, நின்று நின்று இழுத்தது. கம்பெனி ஐஸ் சிக்கினால் கொக்கியால் நடுவில் ஒரு குத்து போதும், பொலபொலவென்று உதிர்ந்துவிடும். இருபது வருஷமாக, மிஷின் ஓடும்போதே அப்படிக் குத்திப் பழகியவன் அன்றும் குத்தினான். கொக்கி இறங்கவில்லை. இன்னும் குனிந்து, பலத்தையெல்லாம் கூட்டி ஓங்கிக் குத்தினான். கட்டி அசையாமல் கொக்கிதான் வழுக்கியது. ஒரு பல் முறிந்து உருளை திடீரென்று விடுபட்டுச் சுழன்று, கொக்கியையும் அதைப் பிடித்திருந்த கையையும் சேர்த்து உள்ளே இழுத்தது.

அந்த அலறலை இங்கே எழுத வேண்டியதில்லை. ஆட்கள் சுவிட்சை அடித்தார்கள். நான்கு வருஷமாகச் செத்துக்கிடக்கிற சுவிட்ச். அடிக்க அடிக்க மிஷின் ஓடிக்கொண்டேயிருந்தது. பிடித்திருந்தவர்களை உதறிக்கொண்டு ஓடியவன் மெக்கானிக்தான். மனைவி கையிலிருந்து விழுந்த கொட்டாப்புளியை எடுத்து, சக்கரத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் கொடுத்து ஒரே நெம்பில் பெல்ட்டைக் கழற்றி எறிந்தான். உருளை நின்றது. பிறகு பைப் ஸ்பேனரை மாட்டி உருளையைப் பின்னோக்கி ஒவ்வொரு பல்லாக நகர்த்தி, தன் தாடையை உடைத்தவன் கையை வெளியே எடுத்தான். கட்டைவிரல் இருந்தது. மற்ற நான்கும் இருந்த இடத்தில் எதுவும் இல்லை.

அவள் தன் தலைத்துண்டால் அண்ணன் முழங்கைக்குமேல் இறுக்கிக் கட்டினாள். சாக்கில் நொறுக்கி வைத்திருந்த ஐஸை அப்படியே வாரிக் கையைச் சுற்றி வைத்து அணைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். ஆஸ்பத்திரி போகிற வழியெல்லாம் அண்ணன் அவள் தோளில் தலையை முட்டிக்கொண்டு, சின்ன வயதில் கூப்பிட்ட மாதிரி பாப்பா பாப்பா என்றே சொல்லிக்கொண்டு வந்தான். அவளுக்கு அவனைக் கொல்ல வேண்டும் போலவும் இருந்தது, அவன் பிழைக்க வேண்டும் என்றும் இருந்தது.

சாயங்காலம் கம்பெனி மேனேஜர் பழப்பையோடு வந்து அரைமணி நேரம் வார்டுக்குள் இருந்துவிட்டுப் போனார். அவர் போன கையோடு போலீஸ் வந்தது. தாடையில் தையல் போட்டுக்கொண்டிருந்த மெக்கானிக்கை, நூலைக் கத்தரிக்கும்வரைகூடக் காத்திராமல், பிடரியில் அறைந்து ஜீப்பில் ஏற்றினார்கள். மிஷினை உடைத்து ஆளை ஊனமாக்கத் திட்டம் போட்டு, ஐஸுக்குள் கல்லை உறைய வைத்திருக்கிறான் என்று வழக்கு.

வார்டு வாசலில் அண்ணி நின்றாள். உள்ளே விடவில்லை.

“உங்க அண்ணன்தான் எழுதிக் குடுத்தாரு, கல்லு இருந்துச்சுன்னு” என்றாள். “எழுதினா வாட்ச்மேன் வேலை உண்டாம், வைத்தியமும் கம்பெனி பார்த்துக்குமாம். இல்லைன்னா ரெண்டும் இல்லை. நான்தான் எழுதுங்கன்னு சொன்னேன். என்னை வேணா திட்டிட்டுப் போ.”

“கல்லு இருந்துச்சா அண்ணி?”

“எனக்கு ரெண்டு பொட்டப் பிள்ளைங்க இருக்கு” என்றாள் அண்ணி. கேட்டதற்கு அதுதான் பதில்.

காலை ஒன்பது மணிக்குப் பட்டறைக்குச் சீல் வைக்கப்போகிறார்கள், அதற்குமுன் எட்டு மணிக்குத் துறையில் மிஷினைப் பார்வையிடுகிறார்கள் என்று ஸ்ராங்கு ஆள் அனுப்பிச் சொன்னார். விசாரணை முடியாமல் அவர் படகும் கிளம்பக்கூடாதாம். கலவரத்தில் கம்பெனி ஆட்கள் அப்படியே விட்டுவிட்டுப் போன முப்பத்தேழு கட்டிகளையும் அவருடைய ஆட்களே பட்டறையில் கொண்டுவந்து மரத்தூளில் புதைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவள் கம்ப்ரசரின் எண்ணெயைப் பார்த்தாள், உப்புத்தண்ணீரின் சூட்டைப் பார்த்தாள், டம்ளர்களை உள்ளே தள்ளினாள். வேலையைச் செய்துகொண்டிருந்தால் அழுகை வராது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் வந்தது. அழுதுகொண்டே செய்தாள்.

விடிந்ததும் ஒரு கட்டியைத் தோண்டித் தண்ணீர் ஊற்றி மரத்தூளைக் கழுவினாள். அப்போதுதான் அதை நன்றாகப் பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள். அப்புறம் அவசர அவசரமாகக் கைவண்டியில் உருட்டி ஏற்றி, வீங்கிய முழங்காலோடு துறை வரைக்கும் தனியாளாகத் தள்ளிக்கொண்டு போனாள்.

மிஷினைச் சுற்றிக் கூட்டம். இன்ஸ்பெக்டர், மேனேஜர், கொக்கிக்காரர்கள், படகு ஆட்கள். அவள் கட்டியைக் கூட்டத்தின் நடுவில் இறக்கி நிமிர்த்தி வைத்தாள். வெயில் அதற்குள் புகுந்து மறுபக்கம் போயிற்று.

“நேத்து வந்த நாப்பதுல இதுவும் ஒண்ணு. ஒரே தொட்டி, ஒரே தண்ணி. மிச்சம் முப்பத்தாறு பட்டறைல கிடக்கு, வந்து பாத்துக்கங்க” என்றாள் இன்ஸ்பெக்டரிடம். “பின்னால நிக்கிறவன் கால் நகம் தெரியுது சார். இதுக்குள்ள ஒரு கல்லை வச்சா கண்ணுக்குத் தெரியாதா? எங்க அண்ணன் இருபது வருஷம் ஐஸ் இழுத்தவரு. கல்லு இருக்கிற கட்டியைத் தன் கையால மிஷின்ல தள்ளுவாரா?”

கூட்டம் கட்டியை உற்றுப் பார்த்தது. ஐந்து மாதமாக அவர்கள் கேலி செய்த அதே கண்ணாடி. ஸ்ராங்கு மெல்ல முன்னால் வந்து, சட்டைப்பையிலிருந்த படகின் லைசென்ஸைக் கட்டிக்குப் பின்னால் பிடித்து, இந்தப்பக்கம் குனிந்து ஐஸ் வழியாகவே ஒவ்வொரு எழுத்தாகச் சத்தம்போட்டு வாசித்தார். அடியில் இருந்த சீலைக்கூட விடவில்லை. யாரோ சிரித்தார்கள். அன்று விரலால் தொட்டுப் பார்த்தவள், அந்த மீன் வெட்டுகிறவள், கம்பெனிக் கட்டி ஒன்றைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து பக்கத்தில் போட்டாள்.

“இதுலயும் என்ன இருக்குன்னு பாத்துருவோமே” என்று கத்தியின் பின்பக்கத்தால் ஒரு தட்டுத் தட்டினாள். பொத்தென்று பிளந்து, நடுவிலிருந்த அழுக்குத் தண்ணீர் மேனேஜர் செருப்பில் பாய்ந்தது. அதோடு ஒரு சிகரெட் துண்டும் மிதந்து வந்தது.

சிரிப்பை நிறுத்த வேறு வழி தெரியாமல் மேனேஜர் கண்ணைக் காட்டினார். கொக்கிக்காரன் ஒருவன் கண்ணாடிக் கட்டியில் கொக்கியைப் போட ஓடி வந்தான். அவள் கட்டிமேல் குப்புற விழுந்து மறைத்துக்கொண்டாள். கொக்கி அவள் தோளில் இறங்கியது. நேற்றிலிருந்து மிஷினடியில் கிடந்த கொட்டாப்புளியை அவள் எட்டி எடுத்து, படுத்த வாக்கிலேயே அவன் முழங்கால் சில்லில் விட்டாள். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அப்புறம் படகு ஆட்கள் இறங்கினார்கள். துடுப்பு, கயிறு, மீன்கூடை என்று கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து அடித்தார்கள். இருபத்திரண்டு வருஷமாக நாறிய மீனைக் கடலில் கொட்டியவர்கள். கொக்கிக்காரர்களில் இரண்டு பேர் தண்ணீரில் விழுந்தார்கள். மேனேஜர் மூக்கிலிருந்து ரத்தம் கொட்ட ஜீப்புக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். இன்ஸ்பெக்டர் கூட்டத்தின் அளவைப் பார்த்தார், கையிலிருந்த பூட்டைப் பார்த்தார். பூட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, விசாரணை இன்னும் முடியவில்லை, படகு வேண்டுமானால் போகட்டும் என்றார்.

ஸ்ராங்கு தன் படகின் கொக்கியை எடுத்து வந்து, அவளைக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, கட்டியின் தலையில் நிதானமாக இறக்கினார். மிச்சம் முப்பத்தாறையும் கொண்டுவரச் சொன்னார்.

அத்தனையையும் ஆளாளுக்குக் கொட்டாப்புளியால் நொறுக்கி ஏற்றி, படகு கிளம்பியபோது மதியம் திரும்பிவிட்டது. வேறு மூன்று படகுக்காரர்கள் அடுத்த நடைக்குச் சொல்லி வைத்தார்கள். மெக்கானிக்கை மறுநாள் விடுவதாகச் சொன்னார்கள். தோளில் கட்டுப் போட்டுக்கொண்டு, ஒரு பை நிறைய நொறுக்கிய ஐஸோடு அவள் அண்ணனைப் பார்க்கப் போனாள். வாசலில் அண்ணி ஓங்கி ஒரு அறை விட்டாள்.

“கையைத்தான் தின்னே. அவர் சொன்னது பொய்யின்னு ஊருக்கே காட்டி வேலையையும் தின்னுட்டே. இப்ப என்ன தின்ன வந்திருக்கே?”

அவள் வாங்கிக்கொண்டாள். அண்ணி சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கம்பெனி ஆள் காலையிலேயே வந்து வாட்ச்மேன் வேலை கிடையாது, வைத்தியச் செலவும் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

உள்ளே அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். துணி சுற்றிய கை தலையணை அளவுக்கு இருந்தது. அவள் பையைக் கைக்குப் பக்கத்தில் மெதுவாக வைத்தாள். வேண்டாம் என்று தள்ளுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கையைச் சற்று நகர்த்திப் பைமேல் வைத்துக்கொண்டான்.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“எத்தனை படகு?” என்றான், சுவரைப் பார்த்தபடியே.

“ஒண்ணு போயிருக்கு. மூணு சொல்லியிருக்காங்க.”

“தோள்ல யாரு போட்டது?”

அவள் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான். அந்த ஆளுக்குக் கொக்கி போடக் கற்றுக்கொடுத்ததே அவன்தான்.

“இதோட விடமாட்டாங்க பாப்பா. நாளைக்குப் பட்டறைக்கு வருவாங்க, ஆறு பேரு. வெளிச்சம் வர்றதுக்கு முன்னால இல்லை, காலைல நீ கட்டியைத் தூக்குற நேரத்துல. ரெண்டு கையும் மாட்டியிருக்கும்ல, அப்போ. கேட்டுக்கு இடதுபக்கமாத்தான் நுழைவோம். முதல்ல அமோனியா பைப்பைத்தான் அடிப்போம். அதைச் சுத்தி இன்னைக்கே இரும்புத் தகடு அடிச்சிரு.”

அவள் அவன் முகத்தைப் பார்க்க முயன்றாள். அவன் திரும்பவில்லை.

“உனக்கு எப்படி அண்ணா தெரியும்?”

“போன மாசமே நான் போட்டுக் குடுத்த திட்டம்டி” என்றான் அண்ணன்.